கையெழுத்து இல்லாத கடிதம்

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலை நான்கு மணிக்கு, என் தங்கை மகளோடு திருவண்ணாமலையில் கிரிவலம் கிளம்பினேன். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதையில் அன்றைக்கு ஐம்பது பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே திரும்பினோம். தார்ச்சாலை குளிர்ந்து கிடந்தது. மலை இருந்த இடத்தில் நட்சத்திரங்கள் இல்லை. அதை வைத்துத்தான் மலை அங்கே இருப்பது தெரிந்தது.

அவள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறாள். ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கிளம்புவதற்கு முந்தின வாரம் இதே பாதையில் நடந்தபோது விசா, வங்கிக் கணக்கு, பெட்டியின் எடை என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை அக்னி லிங்கம் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு தானாகவே ஆரம்பித்தாள்.

"மாமா, அங்க போன மூணாவது வாரம் எங்க புரொஃபசர் ஒரு கட்டுரையைக் குடுத்து, இதுல உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டார். அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி விடாம சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, அது எனக்கும் தெரியும்மா, உனக்கு என்ன தோணுதுன்னு மறுபடியும் கேட்டார். எனக்கு ஒண்ணுமே தோணல மாமா. ரூமுக்கு வந்து ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். இத்தனை வருஷம் படிச்சது யாருன்னே தெரியல."

பள்ளியிலும் கல்லூரியிலும் எப்போதும் முதல் வரிசையில் வந்த பெண் அவள். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது மதுரையில் ஒரு மாடி அறை, 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை.

அந்த அறையில், பின்னாளில் ரமணர் ஆன 16 வயது வேங்கடராமன் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிக்கொண்டிருந்தான். பாடம் ஒப்பிக்காததற்குப் பள்ளியில் கொடுத்த தண்டனை அது. இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது தடவைக்குக் கை போகவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமி, இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற பொருளில் கடிந்துகொண்டார். அந்தச் சொல் வேறு எங்கோ போய்த் தைத்தது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன்.

திருவண்ணாமலைக்கு வழி தேடிப் பையன் அட்லஸைத் திறந்து பார்த்தான். பழைய அட்லஸ். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் ரயில் பாதை அதில் இல்லை. திண்டிவனம்தான் பக்கம் என்று கணக்குப் போட்டு, மூன்று ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். "நான்" என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்துக்குள் "நான்" போய் "இது" வந்துவிடுகிறது. முடிவில் கையெழுத்துப் போடும் இடத்தில் பெயர் கிடையாது, வெறும் கோடுதான். ஆனால் அதற்குக் கீழே, உன் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று ஒரு குறிப்பு! பெயரை விட்டுவிட்ட கை, அண்ணனுடைய காசுக்குக் கணக்குச் சொல்ல மறக்கவில்லை. துறவு என்றால் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது என்று நினைக்கிறவர்கள் இந்தக் குறிப்பை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

வழியெல்லாம் கையில் இருந்தது ஒவ்வொன்றாகக் கழன்றது. ரயிலில் ஒரு மௌல்வி சரியான வழி சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி, மிஞ்சிய அணாக்களில் மாம்பழப்பட்டுவரை ரயில், பிறகு அறையணிநல்லூருக்கு நடை. கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். திரும்பி வந்து மீட்கப் போவதில்லை என்று தெரிந்ததால் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலையில் திருவண்ணாமலையில் இறங்கி நேரே அருணாசலேசுவரர் சந்நிதி. வெளியே வந்து முடியை மழித்தாயிற்று. ஐயங்குளத்துப் படியில் நின்று மிச்சக் காசையும், கீழூரில் ஓர் அம்மாள் ஆசையாகக் கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் தண்ணீரில் எறிந்தாயிற்று. மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குளத்தைப் பார்க்கிறேன். சில நாள் நின்று பார்க்கிறேன்.

பகவான் ரமணரின் பயணத்தையும் இன்றைய பிள்ளைகளின் மேற்படிப்பையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அது வேறு, இது வேறு. ஆனாலும் வீட்டைவிட்டுத் தூரமாகப் போய்ப் படிப்பதில், பட்டத்தைத் தவிர வேறொன்று நடக்கிறது. இன்னாருடைய மகள், இந்தத் தெரு, இந்தப் பள்ளி, இத்தனை மார்க் என்று நாம் "நான்" என்பதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருப்பதையெல்லாம் அந்த ஊர் கண்டுகொள்வதில்லை. பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல அவர்களுக்கு நாக்கு வளைவதில்லை. முட்டுகள் விழுந்த பிறகு எது நிற்கிறது என்று பார்க்கிற வாய்ப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறவர்களுக்குச் சுலபத்தில் வருவதில்லை.

நிருதி லிங்கத்தருகே உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். கார்த்திகை தீபத்தன்று நடந்ததை அப்போது சொன்னாள். இங்கே மாலை ஆறு மணி என்றால் அவளுக்கு மத்தியானம் ஒன்றரை. நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தாளாம். 2,668 அடி உச்சியில் கொப்பரையில் நெய்யும் காடாத் துணியும் பற்றிக்கொள்கிற அந்த நொடியில் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கொரியப் பெண் பதறிப்போய் என்ன என்று கேட்டாள். எங்கள் ஊர் மலை என்றாள் இவள். மலை மேல் ஏன் நெருப்பு என்று கேட்டாள் அவள்.

"சொல்லத் தெரியல மாமா. இந்த மலைக்குக் கீழேயே இருவது வருஷம் இருந்திருக்கேன். ஏன்னு ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல."

அடிமுடி தேடிய கதை அவளுக்குத் தெரியும். பாட்டி சொல்லியிருக்கிறாள். ஆனால் அதையும் ஒப்பிக்கத்தான் முடிந்தது. அன்று இரவிலிருந்து தேட ஆரம்பித்தாளாம். முதலில் அவள் கையில் எடுத்தது "நான் யார்?" என்ற சிறு நூல். அது பிறந்த விதத்தை நான் சொன்னேன். 1902-ல், விரூபாட்ச குகையில் பேசாமல் இருந்த இளைஞரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசாங்க அலுவலர் வந்து கேள்விகள் கேட்டார். கல்லூரியில் தத்துவம் படித்தவர் அவர். பதில்கள் மண்ணிலும் சிலேட்டிலும் எழுதிக் கிடைத்தன. இலக்கணத்தை மூன்றாம் முறை எழுத மறுத்த கை எழுதிய பதில்கள் அவை. படிப்பை உதறியவர் என்றும் ரமணரைச் சொல்ல முடியாது. மலைக்கு வந்த பிறகுதான் தெலுங்கும் மலையாளமும் சமஸ்கிருதமும் கற்று, அந்த மொழிகளில் பாடவும் செய்தார்.

இந்த மலையடிவாரத்திலிருந்து படிக்கப் போன இன்னொரு பிள்ளையையும் அவளுக்குச் சொன்னேன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆர்தர் ஆஸ்பர்னின் குடும்பம் 1941-ல் இங்கே வந்து தங்கியது. அவருடைய மகன் ஆடம் பிள்ளைப் பருவத்தை இங்கே கழித்துவிட்டு, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்து வேதிப் பொறியியலில் முனைவர் ஆனார். 1981-ல், கையில் தூக்கிப் போகக்கூடிய கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றார். இரண்டே ஆண்டில் கம்பெனி மூழ்கியது. உடம்பு தளர்ந்த கடைசிக் காலத்தில் அக்காவைத் தேடி வந்து, 2003-ல் கொடைக்கானலில் கண்மூடினார். "திரும்பி வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

குபேர லிங்கத்தருகே வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. அங்கிருந்து மலை ஐந்து முகமாகத் தெரியும். ரமணாசிரமத்துப் பக்கம் நின்றால் ஒரே சிகரம். ஒவ்வொரு முகமாக எண்ணிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நிறைமாத கர்ப்பிணி போல மெல்ல நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்ன பாதை, அவசரப்படுத்தாமல் நானும் நின்றேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல ஆசை. பிள்ளையை அனுப்பிவிட்டுக் காலை, மதியம், இரவு என்று வீடியோ காலில் கூடவே இருக்காதீர்கள். அந்தத் தனிமை உங்கள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிற பெரிய சொத்து. மகனைத் திருப்பி அழைத்துப் போக 1898-ல் பவழக்குன்றுக்கு வந்து அழுத ரமணரின் தாய் அழகம்மாள், 1916-ல் மகனோடேயே இருக்க வந்தார். அந்த முறை அவரும் கற்க வந்தவர்தான். 1922 மே 19 அன்று மகனின் கை தன் மார்பிலும் தலையிலும் இருக்க அமைதியடைந்தார்.

என் தங்கை இரண்டு வருஷமாக நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் மறுபடியும் ஜெர்மனிக்குக் கிளம்பிப்போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் பேசுகிறாள். அன்று காலை தனியாகக் கிரிவலம் போய்விட்டு வந்து பேசுகிறாள்.