யார் கூட்டிட்டுப் போனது?

"அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்."

2017 ஜூன் மாதத்தில், மதுரையில், ஒரு குழந்தை மருத்துவரின் அறையில் உட்கார்ந்து இந்த வாக்கியத்தைச் சொன்னவள் நான். மகனுக்கு அப்போது நாலு வயது. சளிக்குக் காட்டக் கூட்டிப்போயிருந்தேன். மருத்துவர் தடுப்பூசி அட்டையைப் புரட்டிவிட்டு, "ஃப்ளூ ஊசி போடவே இல்லையே. மழைக்கு முன்னாடி போட்டுக்கலாம். கட்டாயம் இல்ல, ஆப்ஷனல்தான். முதல் தடவைங்கிறதால நாலு வாரம் விட்டு ரெண்டு டோஸ்" என்றார். விலையையும் சொன்னார். இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரம் பக்கம் வரும்.

அன்று காலைதான் முதுகலை வகுப்பில் பெண்ணின் முடிவெடுக்கும் உரிமை பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். சம்பளம் என் கணக்கில்தான் விழுகிறது. கணவர் இதையெல்லாம் தடுக்கிறவரும் இல்லை. கேட்டிருந்தால் "போட்டுட வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பார். வேடிக்கை என்னவென்றால், நான் அவரைக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்தேன், சமைத்தேன், விடைத்தாள் திருத்தினேன், மறந்துபோனேன். மறந்துபோனேன் என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், பள்ளிக்கூடத்திலேயே, இலவசமாக. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பிள்ளை பெறாமல் செய்துவிடும் ஊசி என்றார்கள், வெளிநாட்டுச் சதி என்றார்கள். கல்லூரியில், ஆசிரியர்கள் அறையில், முனைவர் பட்டம் பெற்றவர்களே அதை ஒருவருக்கொருவர் போட்டுக்காட்டினார்கள். பள்ளியிலிருந்து வந்த சீட்டில் 'தந்தை / பாதுகாவலர் கையொப்பம்' என்று இருந்தது. 'பாதுகாவலர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு நாள்கூடத் தயங்கவில்லை.

அவ்வளவு வதந்திக்கு நடுவில் ஒரு ஊசிக்குச் சம்மதித்தவள், வதந்தி எதுவுமே இல்லாத இன்னொரு ஊசிக்கு ஏன் பின்வாங்கினேன்? பணமா? அந்த மாதமே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஒரு பட்டுப் புடவை எடுத்திருக்கிறேன். அறியாமையா? மருத்துவர் எதிரிலேயே இருந்தார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பெற்றோர் ஏன் தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள் என்று கேட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு காரணங்களும் என் விஷயத்தில் பொருந்தவில்லை.

இதற்குப் பதில் அந்த அறையில் இல்லை, நாலு வருடம் முந்தைய ஓர் இரவில் இருக்கிறது. ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல். தொடை வீங்கி, தொட்டாலே அலறினான். அந்த ஊசிக்கு அது இயல்பு, ஒருநாளில் சரியாகிவிடும் என்று நர்சம்மா முன்கூட்டியே சொல்லி, மருந்தும் கொடுத்து அனுப்பியிருந்தார். விடிய விடிய நான் தோளில் போட்டு நடக்க, அத்தை கதவருகே நின்றபடி சொன்னார்: "நல்லா வெளாண்டுக்கிட்டிருந்த புள்ளைய கூட்டிட்டுப் போயி இப்படிப் பண்ணிட்டு வந்திட்டியே." கணவரின் அம்மா கொடுமைக்காரர் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்த் துணி நனைத்துக்கொண்டு வந்து பிள்ளையின் நெற்றியில் போட்டவரும் அவர்தான்.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த வாக்கியம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. 'காய்ச்சல் வந்தது' என்றால் எழுவாய் காய்ச்சல். அது தானாக வரும், தானாகப் போகும். காற்று மாறியது, தண்ணீர் மாறியது, கண் பட்டது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. 'ஊசி போட்டுக்கொண்டு வந்தாய்' என்றால் எழுவாய் நீ. அந்த வாக்கியத்தில் ஓர் ஆள் வந்துவிடுகிறாள், அவளைக் கைகாட்டலாம்.

1990இல் இலானா ரிட்டோவ், ஜோனதன் பேரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கற்பனைக் கணக்கை மக்கள் முன் வைத்தார்கள். ஒரு ஃப்ளூ பரவுகிறது, பத்தாயிரம் குழந்தைகளில் பத்துப் பேர் இறக்கக்கூடும். தடுப்பூசி அதைத் தடுக்கும், ஆனால் அந்த ஊசியாலும் சில குழந்தைகள் இறக்கலாம். எத்தனை வரை என்றால் உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்கள்? ஒன்பது வரை ஏற்பதுதான் கணக்குப்படி சரி. பலர் அதைவிட மிகக் குறைந்த எண்ணில் நின்றுகொண்டார்கள். ஒன்றுகூடக் கூடாது என்றவர்களும் உண்டு. (உண்மையான ஃப்ளூ தடுப்பூசிக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமில்லை. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது.) செய்ததால் வரும் தீங்கு, செய்யாமல் விட்டதால் வரும் தீங்கைவிடப் பெரிதாகத் தெரிவதை மனத்தின் ஒரு சாய்வு என்று அவர்கள் விளக்கினார்கள்.

எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அந்தக் கணக்கில் வீடு இல்லை. 'பெற்றோர்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார், யார் இரவு விழிக்கிறார், காலையில் யாரை எல்லோரும் பார்ப்பார்கள் என்பது இல்லை. செய்தவள்மீது பழி விழும், செய்யாதவளைக் கேட்க ஆளில்லை என்ற வீட்டில், செய்யாமலிருப்பது மனத்தின் பிசகு மட்டுமல்ல. அந்த வீட்டின் கணக்கை அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

பள்ளியில் எல்லோருக்கும் போட்டபோது என்னைத் தனியாகக் கைகாட்ட முடியாது. "கவர்மென்ட்டுல போடுறாங்க, எல்லாப் புள்ளைகளுக்கும்தான்" என்று சொல்லிவிடலாம். ஆப்ஷனல் என்ற ஒற்றைச் சொல்லில் மருத்துவர் என்னிடம் உரிமையைக் கொடுத்தார் என்று நினைத்திருப்பார். என் கைக்கு வந்தது பழி. அவரைக் கேட்கிறேன் என்று நான் சொன்னது அனுமதிக்காக அல்ல, பழியில் பாதியை ஏற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ளூவுக்கு நம்மிடம் பெயர் இல்லை. பெரியம்மை காலத்தில் நோய்க்கே அம்மை என்று பெயர் வைத்தோம். தடுப்பூசியையும் அம்மை குத்துவது என்றோம். பயமும் பக்தியும் ஒரே சொல்லில் இருந்தன. ஃப்ளூ அப்படியில்லை. சளி, சுரம், உடம்புவலி, சீதளம் என்று பத்துப் பெயர்களுக்குள் கலைந்து கிடக்கிறது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வந்ததும் ஊரே முகக்கவசம் தேடியது. அதே வைரஸின் வழித்தோன்றல்தான் இப்போதும் பருவந்தோறும் வந்துபோகிறது, நாம் சுக்குக் காப்பி போட்டுக்கொள்கிறோம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். "வருசா வருசமா? அப்ப போன வருசம் போட்டது என்னாச்சு?" என்று அத்தை கேட்டால், அந்தக் கேள்வியில் தவறு எதுவும் இல்லை.

அந்த நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், பள்ளியிலிருந்து மகன் சூடாக வந்தான். ஐந்து நாள். நூற்று மூன்று வரை ஏறியது. அவன் எழுந்து ஓட ஆரம்பித்த அன்று அத்தை படுத்தார். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ என்று வந்தது. ஒன்பது நாள் இருந்தார். முதல் இரண்டு இரவு ஆக்சிஜன் குழாயோடு அவர் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் இருந்த பலம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். நாத்தனார், சித்தி, அக்கம்பக்கம். கிளைமேட் சரியில்லை என்றார்கள். மழையில் மாடிக்குப் போய்த் துணி எடுத்தாரே, அதுதான் என்றார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "புள்ளைக்கு ஊசி போட்டிருக்கலாமே" என்று கேட்கவில்லை. நான் ஜூன் மாதம் வேண்டாமென்று எழுந்து வந்தது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் குற்றமாக வைத்திருக்க மாட்டார்கள். போட்ட ஊசிக்கு ஓர் இரவுக் காய்ச்சலுக்கே பழி வாங்கியவள், போடாத ஊசிக்கு ஒன்பது நாள் மருத்துவமனை வராண்டாவில் "பாவம், மருமக எப்படிப் பாத்துக்கிறா" என்று பாராட்டு வாங்கினேன். அந்தப் பாராட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்துத்தான் இன்றும் கூசுகிறேன்.

நியாயமாகப் பார்த்தால் என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளிலேயே ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போகும் வாய்ப்பைப் பாதியளவுதான் குறைக்கும் என்கிறார்கள். போட்டிருந்தும் மகனுக்கு வந்திருக்கலாம். அத்தைக்கு வேறு யாரிடமிருந்தோ தொற்றியிருக்கலாம். செய்யாமல் விட்டதில் இருக்கிற வசதி இதுதான், கடைசிவரை சந்தேகத்தின் பலன் நமக்கே கிடைக்கும்.

அத்தை வீடு திரும்பிய பிறகு படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஜப்பான் கதை கிடைத்தது. 1962 முதல் அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. போடுகிறவர்கள் எண்ணிக்கை சரிந்து 1994இல் திட்டமே நின்றது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளித் திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரை மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி முதியவர்கள். ஊசி பேரனுக்கு, உயிர் பாட்டிக்கு. கணக்கின்மேல் வாதங்கள் உண்டு. ஆனால் ஆக்சிஜன் குழாயைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த வரிகளைச் சும்மா கடக்க முடியவில்லை.

பெண்ணியவாதியாக அதே கதை என்னைச் சங்கடப்படுத்தவும் செய்தது. ஒருவர் உடம்பு இன்னொருவர் நலனுக்காக, கேட்காமலே, நோக வேண்டும் என்பது நமக்குப் பழக்கப்பட்ட ஏற்பாடு. பிள்ளை பெறும் உடம்பிடம், பால் கொடுக்கும் உடம்பிடம், கடைசியாகச் சாப்பிடும் உடம்பிடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானில் பக்கவிளைவு என்று வழக்குப் போட்ட குடும்பங்கள் இருந்தன, அவர்களின் வலியைக் கூட்டல் கணக்கில் கரைத்துவிட முடியாது. 'என் உடல் என் உரிமை' என்று முழங்கிய நாம் இங்கே என்ன சொல்வது? நான் வந்து சேர்ந்த இடம் இது: மகனின் கை என் உடல் அல்ல. போடவும் மறுக்கவும் நான் அவனுக்காகப் பொறுப்பேற்கிறேனே தவிர, உரிமை கொண்டாட முடியாது. ஊசியால் முதல் பலன் அவனுக்குத்தான், ஐந்து வயதுக்குட்பட்டவர்களை ஃப்ளூ மோசமாகப் படுத்தும். பாட்டிக்குக் கிடைப்பது அதன் மிச்சம். ஒரு விரல் நுனி வலிக்கு இது நியாயமான பேரம் என்று நினைக்கிறேன். சங்கடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை.

'பெற்றோரின் விருப்பம்' என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கிராமத்துக்கே வந்து போட்டுக்கொண்டிருந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது. புதன்கிழமை கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, கைக்குழந்தையோடு காத்திருக்க வேண்டியவள் யார்? தேசியக் குடும்பநல ஆய்வில், முழுமையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 2005–06இல் 80.9 சதவீதம். 2015–16இல் 69.7. பிறகு 2019–21இல் 89.2 என்று ஏறியது. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டுத் தாய்மாரின் 'விருப்பம்' குறைந்துபோய்ப் பின்னர் திரும்பி வந்தது என்று எழுதினால் சிரிப்பேன். இன்று இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருடந்தோறும் ஃப்ளூ ஊசியைப் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லை. நாலாயிரம் ரூபாய் இல்லாதவளின் விருப்பத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

2018 ஜூலையில் கணவரிடம், "இந்தத் தடவை நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன். கூட்டிப்போனார், பணம் கட்டினார், அட்டையில் தேதி எழுதி வாங்கிவந்தார். மகனிடம் முந்தைய இரவே சொல்லி, எந்தக் கையில் என்பதை அவனையே முடிவுசெய்ய விட்டிருந்தேன். இடது கை என்றான். இரவு லேசாகச் சூடு. அவர் தூங்கிவிட்டார். நான் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்க அத்தை எழுந்து வந்தார். நிமோனியாவுக்குப் பிறகு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் அவருக்கு.

"ஊசியா போட்டது? யாரு கூட்டிட்டுப் போனா?"

"உங்க மகன்தான் அத்தை."

கொஞ்சம் யோசித்தார். "நீதான அனுப்பிவச்ச?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. "ஆமா அத்தை. நான்தான். நாலு வாரத்துல இன்னொண்ணு இருக்கு, அதுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க, உங்களுக்கும் ஒண்ணு போடணும்னு நெஞ்சு டாக்டர் அப்பவே எழுதிக் கொடுத்திருக்காரு."

"எனக்கெதுக்கு இந்த வயசுல" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். துணியை நனைத்துப் பிழிந்து பேரன் நெற்றியில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "எவ்வளவாம்?" என்று கேட்டார்.