நீரில் இறங்குவதற்கான பூச்சு

1936-இல் ஃபின்லாந்தில் லௌரி ராபாலா என்ற மீனவர் ஒரு தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் சீவி, தூண்டிலில் மாட்டச் சின்ன மீன் ஒன்று செய்தார். சாக்லேட் சுற்றி வந்த வெள்ளித்தாளை அதன் உடம்பில் ஒட்டினார். தண்ணீர் புகாமலிருக்க மேலே ஏதாவது பூச வேண்டும், வார்னிஷ் வாங்க வசதியில்லை. பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசிவிட்டார். இன்று உலகம் முழுக்க விற்கும் ராபாலா பொய்மீன்களுக்கு அதுதான் மூத்தது.

அவர் மனதில் அதற்கு முன்பே ஒன்று பதிந்திருந்தது. கூட்டமாகப் போகும் பொடிமீன்களுக்குள் பாயும் பெரிய மீன், கொஞ்சம் தள்ளாடிப் போகிற ஒன்றைத்தான் குறிவைக்கும். அந்தத் தள்ளாட்டத்தைத்தான் அவர் தக்கையில் செதுக்க முயன்றார். வெள்ளித்தாளும் பூச்சும் அதற்குப் பிறகு வந்தவை.

நானும் மரத்தில் மீன் செய்கிறவன். கழிமுகத்தில் கொடுவா மீன் பிடிப்பதற்காகச் செய்கிறேன். அப்பா உயிர் இறால் குத்திப் பிடித்த அதே இடத்தில், நான் பால்சா கட்டையில் சீவிய மீனை வீசுகிறேன். சீவுவது சீக்கிரம் முடிந்துவிடும். நாள் பிடிப்பது பூச்சுதான்.

பால்சா, தண்ணீரை உறிஞ்சக் காத்திருக்கிற மரம். அதிலும் தலைப்பக்கமும் வால்பக்கமும், நார் வெட்டுப்பட்ட முனைகள், மற்ற இடத்தைவிட அதிகம் குடிக்கும். முதல் பூச்சை அங்கேதான் ஊற விடுவேன். அதையும் மாலையில்தான் செய்வேன். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாகக் கிளம்பும். பொழுது சாய்ந்து மரம் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பூச்சைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பிரைமர். வயிற்றுக்கு வெளிர்நிறம், முதுகுக்குக் கரும்பச்சை. வலைத்துணியை உடம்போடு இழுத்துக் கட்டி அதன்மேல் வெள்ளி நிறத்தைத் தெளித்துவிட்டு, துணியை மெல்ல உரித்தெடுத்தால் செதில்கள் வரிசையாக நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடி எனக்குப் பெரிய சந்தோஷம்.

கலங்கிய கழித்தண்ணீரில் கொடுவாவுக்கு அந்தச் செதில் எவ்வளவு தெரியும்? அதிகம் தெரியாது. விலாவில் ஓடும் பக்கக்கோட்டால் அது தண்ணீரின் அதிர்வை உணர்ந்தே வருகிறது. செதில் என் கண்ணுக்கு. அசைவுதான் மீனுக்கு.

கடைசியில் எபாக்ஸி. இரண்டு பாட்டிலிலிருந்தும் சரியாக அளந்து கலந்து பூசி, மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வழிந்து வயிற்றில் சொட்டாகத் திரளும். கொக்கி மாட்டும் வளையத்தைத் திருகுமுன் அந்தத் துளைக்குள்ளும் ஒரு சொட்டு விட வேண்டும். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். மரம் உப்பினால் மேலே இருக்கும் வர்ணம் வெடித்துவிடும்.

அப்படியென்றால் இரண்டு மூன்று பூச்சு கூடுதலாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக் கூடாது. சின்ன மீனில் எபாக்ஸி கனத்தால் மிதப்பு குறையும், தள்ளாட்டம் மந்தமாகும். கண்ணாடிபோல் மின்னும், ஒரு துளி நீரும் புகாது, ஆனால் இழுத்தால் குச்சிபோல் நேராக வரும்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெடன் தொடங்கிய கம்பெனியின் பழைய மர மீன்களை இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள். கீறல் படாமல், அட்டைப்பெட்டியோடு இருந்தால் விலை இன்னும் கூடும். தண்ணீரையே பார்க்காத மீனுக்கு மதிப்பு அதிகம்! என்னால் அதை ஏற்கவே முடியவில்லை. நீரில் இறங்கத்தானே அதற்கு அத்தனை பூச்சு?

இந்தக் கேள்வி பட்டறையோடு நிற்கவில்லை. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வீட்டில் எல்லோரும் அவரைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். வெயில் ஆகாது, படி ஆகாது, தனியாகக் கடைக்குக்கூட வேண்டாம். மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அதுவே பயம். அத்தனையும் அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சென்ற ஆண்டு வரை காற்று திரும்பியதை முகத்தில் உணர்ந்து சொன்ன மனிதர், இப்போது டிவி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஓதமா, வத்தமா?" என்று என்னிடம் கேட்கிறார்.

மாத்திரையும் பத்தியமும் அவரை நாற்காலியில் உட்கார வைக்க எழுதித் தந்தவை அல்ல, எழுந்து நடமாட விடுவதற்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பூச்சு உதாரணத்தை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மரமும் மனுஷனும் ஒண்ணாடா? அது போனா நீ இன்னொண்ணு செதுக்கிக்குவ" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா சொல்வது உண்மை. அப்பா வாடிப்போவதும் உண்மை. மூன்று நாள் பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம்: ஞாயிறு விடியலில் என்னோடு வருவார், வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும், மாத்திரை டப்பா சட்டைப் பையில் இருக்க வேண்டும். படகு வேண்டாம், கரையிலிருந்துதான் வீசுவார். அவருக்கு என் பொய்மீன்கள் வேண்டாமாம், உயிர் இறால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.