நன்றியும் மௌனமும்

உயிரைக் காத்த கொடையே பின்னர் மூச்சை நெருக்குமாயின், அதைப் பெற்றவர் முறையிடலாமா? முறையிடுவது நன்றி மறத்தல் ஆகாதா? இது வெறும் கற்பனை வினா அன்று. இரத்தப் புற்றுநோய்க்காகப் பிறரிடமிருந்து ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைப் பெற்று உயிர் பிழைத்தவர்கள் உண்மையிலேயே எதிர்கொள்ளக்கூடிய வினா.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வழிவகுத்த அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கியது. உடன்பிறந்த ஒருவரின் திசு மற்றவருக்கு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே, பல குடும்பங்களில் கொடுப்பவர் அண்ணனாகவோ தங்கையாகவோ இருக்கக் காண்கிறோம்.

கொடுத்தவரின் அணுக்கள் பெற்றவரின் உடலில் புதிய நோயெதிர்ப்புப் படையாக அமைகின்றன. எஞ்சிய புற்றணுக்களைத் தேடி அழிக்கத் துணைநிற்பது அப்படையே. ஆனால் அதுவே, தான் குடிபுகுந்த உடலை அயலானது எனக் கருதித் தாக்குவதும் உண்டு. தாக்குதல் நுரையீரலை எட்டினால், நுண்ணிய மூச்சுக்குழல்கள் அழற்சியுற்று, தழும்பேறிக் குறுகிவிடுகின்றன. வறட்டு இருமலும், படி ஏறுகையில் இளைப்பும் மெல்லத் தலைகாட்டும். தழும்பேறிய குழல்கள் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. பெரும்பாலும் மருந்துகள் செய்யக்கூடியது மேலும் கெடாமல் தடுப்பதே. ஆகவே காலத்தே கண்டறிதல் இன்றியமையாதது. ஆழ மூச்சிழுத்து வேகமாக ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனை, முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்றை அளந்து, இளைப்பு தோன்றும் முன்னரே குறையைக் காட்ட வல்லது.

இங்கேதான் அறவினா எழுகிறது. "தம்பி தந்த உயிரல்லவா? இந்த இருமலைச் சொன்னால் அவன் மனம் நோகுமே" என்று பெற்றவர் வாய்மூடி இருந்துவிடலாம். "நான் கொடுத்ததுதான் இவரை வாட்டுகிறதோ" என்று கொடுத்தவரும் உள்ளுக்குள் குமையலாம். இருவரும் அன்பினாலேயே மௌனம் காக்கின்றனர். அம்மௌனத்தில் நுரையீரல் தழும்பேறுகிறது.

திருக்குறள் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. ஆயினும் நன்றி என்பது துன்பத்தை மறைப்பதா? அன்று என்றே நாம் கருதுகிறோம். பெற்றவரின் வாயை அடைக்கும் கொடை கொடையாக இராது, கடனாக மாறிவிடும். கொடுத்தவர் விரும்பியது பெற்றவரின் வாழ்வையே அன்றி, அவரது புகழுரையை அன்று. எனவே அந்த வாழ்வுக்கு வரும் ஊறினை உடனே எடுத்துரைப்பதே கொடையைப் போற்றும் முறை. கொடுத்தவர் மீதும் பழியில்லை. அவரது அணுக்களுக்குப் பகை தெரியாது, அயல் எது, தன் எது என்பதே அவற்றின் தடுமாற்றம்.

நமக்கும் இதில் பங்குண்டு. பிழைத்தவரைக் கண்டதும் "முற்றிலும் நலந்தானே?" என்று கேட்கிறோம், அக்கேள்வி "ஆம்" என்ற விடையை மட்டுமே எதிர்பார்க்கிறது. "மூச்சு எப்படி இருக்கிறது? சோதனைக்குச் சென்று வந்தீர்களா?" என்று கேட்போமாக. அவர் இருக்கும் வீட்டில் புகைபிடிக்காதிருப்போம். அடுப்புப் புகை அவரை அண்டாமல் காப்போம். உயிரைக் கொடுப்பது ஒரு நாளின் செயல். அவ்வுயிர் சொல்வதைச் செவிமடுப்பதோ ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டிய அன்பு.