பின்பக்கத்துப் பெயர்

ஒரு மனிதர் யுத்தத்துக்குப் போய்வந்தார் என்பதை எப்படிக் கணக்கு வைப்பது? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் நாளை எண்ணியது. போர் நடந்த பகுதியில் 180 நாள் இருந்தால் '1939-45 ஸ்டார்'. எந்த முகாமில் கிடந்தாலும் சரி, 28 நாள் முழுநேரச் சேவைக்கு 'வார் மெடல்'. 'பர்மா ஸ்டார்' ரொம்பத் தாராளம். 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் நடுவில் போர்ப்பணிக்காக பர்மா மண்ணில் கால் வைத்திருந்தால் ஒரு நாள் போதும். துப்பாக்கி பிடித்தவருக்கும் லாரி ஓட்டியவருக்கும் ஒரே விதி. 180 நாள் முடியும் முன்பே குண்டடிபட்டுச் செத்துப்போனால் அதை முழுக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். (என்ன ஒரு சலுகை!) விக்டோரியா கிராஸ் மாதிரி வீரத்துக்குத் தருவது வேறு ரகம். இதெல்லாம் வருகைப் பதிவேடு. பி.காம். படித்த எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. அளந்துவிட இடம் குறைவு.

குறைவுதானே தவிர, இல்லாமல் இல்லை. நண்பர் ஒருவரின் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1943 பிப்ரவரியில் சேர்ந்து, பர்மாவில் பாலம் கட்டி, ஊர் திரும்பி வேர்க்கடலை போட்டவர். டிஸ்சார்ஜ் காகிதம் இருக்கிறது, மெடல் ஒன்றுகூட இல்லை. காகிதத்தை வைத்துக் கூட்டிப் பார்த்ததில் மூன்று தேறியது. நான்காவது, 'இந்தியா சர்வீஸ் மெடல்'. அதற்குப் போர்க்களத்துக்கு வெளியே மூன்று வருடச் சேவை வேண்டும், 1945 செப்டம்பர் 2-க்குள். தாத்தா சேர்ந்ததே அதற்கு இரண்டரை வருடம் முன்னால்தான்.

பழைய சாமான் கடையில் நாலும் செட்டாகக் கிடைத்தது. "இருந்துட்டுப் போகட்டுமே சார், யாருக்கு நஷ்டம்?" என்றார் நண்பர். தாத்தாவுக்குத்தான். ஒரு போலி வவுச்சர் கிடைத்தால் ஆடிட்டர் மொத்த ஃபைலையும் சந்தேகப்படுவார். நண்பர் இதை ஒப்புக்கொண்டார்.

அடுத்த கேள்விதான் கஷ்டம். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த ஸ்டார்களின் பின்பக்கம் எண்ணும் பெயரும் குத்தியிருக்கும். கடைக்காரர் காட்டிய பர்மா ஸ்டாரில் வேறொருத்தர் பெயர். "பிரேம் போட்டுட்டா பின்னால யார் பார்க்கப் போறா?" என்றாராம். வேண்டாமென்றால், புதிதாக வார்த்த நகல் வாங்கலாம். நண்பருக்கு நகல் என்றாலே கூச்சம். அது டூப்ளிகேட், இதுவாவது யுத்தம் பார்த்த அசல் என்கிறார்.

எது பெரிய பொய்? அசலை, வேறொருத்தர் பெயருக்குக் கிராஸ் செய்த செக் என்பேன். செக் நிஜம், பணமும் நிஜம், உங்களுடையது இல்லை, அவ்வளவுதான். நகல் என்பது தொலைந்துபோன ரசீதுக்கு ஜெராக்ஸ். நடந்த வரவு உண்மை, தாத்தாவுக்கு அது பாக்கி இருந்ததும் உண்மை. 'நகல்' என்று எழுதி வைத்துவிட்டால் யாரையும் ஏமாற்றவில்லை.

எழுதிவிடலாம் என்றார் நண்பர், பிரேமின் பின்பக்கத்தில். முன்பக்கமே எழுதினால் என்னவாம் என்று கேட்கிறார் அவர் மனைவி.

நகலுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. அந்தக் கடை ஸ்டார் இன்னும் விற்கவில்லை. அதில் பெயர் உள்ளவரின் பேரன் எந்த ஊரில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ.