கிழிந்த தசைக்குக் கைதட்டலா?

1992, பார்சிலோனா ஒலிம்பிக். 400 மீட்டர் அரையிறுதியில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் டெரிக் ரெட்மண்டின் தொடைப் பின்தசை பாதி வழியிலேயே கிழிந்தது. விழுந்தவர் எழுந்தார், நொண்டினார். தந்தை காவலர்களை மீறி ஓடிவந்து தோள் கொடுத்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. இன்றும் ஊக்கப் பேச்சாளர்கள் அந்தக் காணொளியைப் போட்டு மாணவர்களைக் கண்கலங்க வைக்கிறார்கள். அந்தத் தந்தையின் அன்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கேள்வி கைதட்டியவர்களிடம். அந்தக் காட்சியிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்? கிழிந்தாலும் ஓடு என்றா? அதற்குப் பிறகு அவர் எந்த ஒலிம்பிக்கிலும் ஓடவில்லை என்பதை எந்தப் பேச்சாளராவது சொல்கிறாரா?

நம்மூர் மைதானத்துக்கு வாருங்கள். மாவட்டப் போட்டியில் ஒரு பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுகிறான். 'கண்ணு பட்டுடுச்சு' என்கிறார் ஒருவர். 'நேரம் சரியில்லை' என்கிறார் அடுத்தவர். 'சுளுக்குதான், எண்ணெய் போட்டு நல்லா உருவிவிடுங்க' என்கிறார் மூன்றாமவர். பி.டி. மாஸ்டர் வருகிறார்: 'ஸ்பிரே அடிச்சுட்டு ஃபைனல் ஓடுடா, சர்டிபிகேட் வேணும்ல?' அவன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று இந்த நால்வரில் யார் கேட்டார்கள்?

நடந்தது இதுதான். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், நீண்டுகொண்டே அந்த வீச்சுக்குப் பிரேக் போடவேண்டிய வேலை பின்தசையுடையது. அந்தச் சுமையைத் தாங்கும் பலம் இல்லாத இடத்தில் இழை அறுகிறது. இதில் யார் கண்ணும் படவில்லை. நீளும்போதே தாங்கும் பலத்தை யாரோ ஒருவர் அந்தத் தசைக்குப் பழக்கியிருக்க வேண்டும், பழக்கவில்லை.

பழக்குவது அவ்வளவு கடினமா? முழங்காலிட்டு நில், கணுக்காலைத் தோழன் அழுத்திப் பிடிக்கட்டும், உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்ந்து இறங்கு. நோர்டிக் பயிற்சி என்பது இவ்வளவுதான். கருவி வேண்டாம், காசு வேண்டாம். முதலில் சதை வலிக்கும்; ஆகவே கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்ட வேண்டும். டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளைச் சேர்ந்த 942 வீரர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. வழக்கமான பயிற்சி மட்டும் செய்த பிரிவில் 52 பின்தசைக் காயங்கள். நோர்டிக் செய்த பிரிவில் 15.

இதைப் படித்த பிறகும் 'விதி' என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? தெரியாதவரை அது விபத்து. தெரிந்த பின் செய்யாமல் விட்டால் அது குற்றம்.

படித்தவர்கள், பணக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? சாம்பியன்ஸ் லீக் கிளப்புகளையும் நார்வேயின் முதல்நிலை கிளப்புகளையும் விசாரித்தபோது, பத்தில் எட்டுக்கு மேல் இந்தப் பயிற்சியை உரிய அளவில் செய்யவில்லை என்று தெரிந்தது. ஐரோப்பியப் பெருங்கிளப்புகளின் காயங்களில் பின்தசையின் பங்கு 2001-02இல் 12 சதவீதம். இருபது ஆண்டுகளில் அது 24 சதவீதமானது. ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் வைத்து வீரனைப் பிழிகிறார்கள். கிழிந்ததும் அவனுடைய ரத்தத்தையே பிரித்தெடுத்து ஊசியாகப் போடுகிறார்கள். நெதர்லாந்தில் 80 விளையாட்டு வீரர்களிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள்: அந்த ஊசி போட்டவர்களும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களும் ஒரே வேகத்தில்தான் தேறினார்கள். தாயத்தை விலை கூட்டிச் சிரிஞ்சில் அடைத்தால் மருந்தாகிவிடுமா?

காயத்தை அறியவும் ஆற்றவும் வழிகள் உண்டு. அவற்றுக்குப் பொறுமை வேண்டும். விரலால் அழுத்தி வலிக்கும் இடத்தையும் நீளத்தையும் குறிக்க வேண்டும். முழங்காலை நீட்டச் சொல்லி மறு காலோடு ஒப்பிட வேண்டும். கன்றிப்போன நிறம் சில நாள் கழித்துக் காயத்துக்குக் கீழேகூடத் தெரியலாம்; நிறம் மாறவில்லையே என்று மாணவனைப் பொய்யனாக்காதீர்கள். தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்த சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. வேண்டும், அறுவை மருத்துவரின் கருத்தும் வேண்டும். புதுக் கிழிசலை உருவக்கூடாது. பிறகு படுத்தே கிடப்பதும் சிகிச்சை ஆகாது. ஸ்வீடன் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வில், தசையை நீட்டிச் சுமையேற்றும் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள் ஆனது.

ஒருமுறை கிழிந்த தசைதான் மறுமுறை கிழியும் ஆபத்து அதிகமுள்ள தசை. ஐரோப்பிய கிளப்புகளில் மீண்டும் வந்த காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு, வீரன் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வந்தவை. ஆகவே 'வலி போச்சா?' என்ற ஒரே கேள்வியோடு பையனை ஓடவிடுபவர் அவனுடைய படிப்பையும், விளையாட்டு ஒதுக்கீட்டில் அவன் நம்பியிருந்த கல்லூரி இடத்தையும், குடும்பத்தின் கனவையும் பணயம் வைக்கிறார். அழுத்தினால் வலி இல்லையா, இரு காலும் சம பலமா, முழு வேகத்தில் பயமில்லாமல் ஓடுகிறானா? மூன்றுக்கும் ஆம் என்று வரும்வரை பதக்கம் காத்திருக்கட்டும்.

பெற்றோரே, அடுத்த முறை பள்ளி மைதானத்துக்குப் போகும்போது எத்தனை பதக்கம் என்று விசாரிக்காதீர்கள். 'வாரத்தில் எத்தனை நாள் நோர்டிக் செய்ய வைக்கிறீர்கள், சார்? போன வருஷம் எத்தனை பிள்ளைகளுக்குத் தொடை கிழிந்தது? நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.