ஆற்றோடு போனவரின் நற்பெயர்

இறந்தவரின் நிலத்திற்கும் வீட்டிற்கும் வாரிசு உண்டு. உயில் எழுதாமல் இறந்தாலும் சட்டம் யாரேனும் ஒருவரை உரியவராகக் காட்டிவிடும். ஆனால் இறந்தவரின் நற்பெயருக்கு வாரிசு யார்? அது களவு போகும்போது தடுக்க அவர் எழுந்து வர இயலாது. இறந்தாரா இல்லையா என்பதே உறுதியாகாமல் காணாமற்போனவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவருடைய உடல் கிடைக்காத வெற்றிடத்தில் கதைகள் வந்து குடியேறுகின்றன. அக்கதைகளைக் கட்டுவோர் பெரும்பாலும் தீயவர் அல்லர். உண்மையை அறியும் ஆவல் உடைய நல்லவர்களே. ஆதலால்தான் இது நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய அறக் கேள்வியாகிறது. சான்று இல்லாத இடத்தில் ஐயுறுவதற்கு நமக்கு உரிமை உண்டா? உண்டெனில் அதன் எல்லை எது?

இக்கேள்வியை அமெரிக்க நாட்டின் கொலராடோ ஆறு மிகக் கூர்மையாக எழுப்பியிருக்கிறது. 1928ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளென் ஹைட் என்னும் இடாஹோ மாநில விவசாயி பெஸ்ஸி என்ற பெண்ணை மணந்தார். தேனிலவுப் பயணமாக அவர்கள் தேர்ந்துகொண்டது ஆற்றுவழி. கிளென் தம் கையாலேயே மரத்தில் ஒரு தட்டைப்படகு செய்தார். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் யூட்டா மாநிலத்தின் கிரீன் ரிவர் ஊரிலிருந்து இருவரும் புறப்பட்டனர். கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கு முழுவதையும் படகில் கடந்த முதற்பெண் என்ற பெயர் பெஸ்ஸிக்குக் கிட்டும் என்பதும் அவர்தம் நம்பிக்கை.

நவம்பர் நடுவில் அவர்கள் கரையேறிப் பள்ளத்தாக்கின் தென்விளிம்பை அடைந்தனர். அங்கே நிழற்படக்கூடம் நடத்திவந்த எமரி கோல்ப், முன்னரே அவ்வாற்றில் படகோட்டிப் பழகியவர். மிதவைச் சட்டைகள் இல்லாமல் போக வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். கிளென் அதை ஏற்கவில்லை. அவர் மகள் அணிந்திருந்த அழகிய காலணிகளைக் கண்ட பெஸ்ஸி, இனி நான் இவைபோன்றவற்றை அணிவேனோ என்னும் பொருள்பட ஏதோ கூறியதாகப் பின்னாளில் கோல்ப் சொல்லிவந்தார். நவம்பர் 18க்குப் பின் அத்தம்பதியரை எவரும் காணவில்லை.

டிசம்பர்த் தொடக்கத்தில் அவர்கள் கலிபோர்னியாவின் நீடில்ஸ் ஊருக்கு வந்து சேர வேண்டும். வரவில்லை. கிளெனின் தந்தை ரோலின் ஹைட் தேடலைத் தொடங்கினார். டிசம்பர் 19 அன்று தேடச் சென்ற விமானம் அப்படகைக் கண்டது. அது கவிழாமல், உடையாமல், நீரில் நிமிர்ந்தே நின்றது. உணவும் உடைகளும் நிழற்படக் கருவியும் பெஸ்ஸியின் நாட்குறிப்பும் கட்டியது கட்டியபடி இருந்தன. நாட்குறிப்பின் இறுதிப் பதிவு நவம்பர் 30. படகின் விளிம்பில் நாளுக்கு ஒன்றாக 42 கீறல்கள். ஆனால் இருவருடைய உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அறிந்தது இவ்வளவே. இனி அறியாதது எவ்வாறு வளர்ந்தது என்று பார்ப்போம்.

படகு கவிழவில்லையே, பொருள்கள் அப்படியே இருக்கின்றனவே, பிறகு மனிதர் மட்டும் எங்கே என்று மக்கள் கேட்டனர். கேள்வி நியாயமானது. ஆனால் விடைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. காலணி பற்றிய அந்த ஒரு சொல்லிலிருந்து, விருப்பமில்லாத மனைவியை வற்புறுத்தி இழுத்துச் சென்ற கொடிய கணவன் ஒருவன் பிறந்தான். களைத்துப்போன எந்தப் பயணியும் சொல்லக்கூடிய சொல் அது என்பதை எவரும் எண்ணவில்லை. கொடிய கணவன் பிறந்தபின், அவனைக் கொன்றுவிட்டுத் தப்பிய மனைவியும் பிறந்தே ஆக வேண்டும்.

1971இல் அதே ஆற்றில் சுற்றுலாப் பயணிகளோடு வந்த முதிய பெண்மணி ஒருவர், இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தோரிடம், நானே பெஸ்ஸி, கொடுமை செய்த கணவனைக் கத்தியால் குத்திவிட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறித் தப்பினேன் என்றார். பின்னர் அவரே அதை மறுத்துவிட்டார். கதை மட்டும் மறுக்கப்படாமல் ஊர் சுற்றியது. 1976இல் எமரி கோல்ப் இறந்தபின் அவருடைய இடத்தில், குண்டு பாய்ந்த மண்டையோட்டுடன் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. உடனே அது கிளெனுடையது என்றும் கோல்பே கொலைகாரர் என்றும் பேச்சு எழுந்தது. ஆராய்ந்தபோது அது வேறோர் இளைஞனுடையது எனத் தெரிந்தது. கொலராடோ ஆற்றில் படகோட்டிப் புகழ்பெற்ற ஜார்ஜி கிளார்க் 1992இல் மறைந்தார். அவர் உடைமைகளுள் ஹைட் தம்பதியரின் திருமணச் சான்றும் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தன. அவர்தாம் பெஸ்ஸி என்று கதை மீண்டும் உயிர்த்தது. அவருடைய இளமை வாழ்வுக்குத் தனிச் சான்றுகள் இருந்தும் அது அடங்கவில்லை.

இக்கதைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெஸ்ஸி பிழைத்துக்கொண்டார் என்று சொல்வோர் அவருக்கு அன்பு காட்டுவதாகவே எண்ணுகின்றனர். ஆனால் அவரை உயிர்ப்பிக்க அவர்கள் கொடுக்கும் விலை என்ன? அவரைக் கொலைகாரி ஆக்குகின்றனர். அவர் கணவரைக் கொடியவர் ஆக்குகின்றனர். படகில் இறங்கி அவர்களைத் தேடிச் சென்ற கோல்பையும் ஐயத்துக்கு உள்ளாக்குகின்றனர். கிளெனைப் பற்றி நாம் அறிந்தவை, அவர் அளவுமீறிய துணிவுடையவர் என்பதும் நல்ல அறிவுரையைத் தள்ளினார் என்பதுமே. இது குற்றமே, ஆனால் கொடுமை அன்று. ஒருவர் செய்த குற்றத்தின்மேல் செய்யாத குற்றத்தை ஏற்றுவது நீதியாகாது.

பிராட் டிமாக் என்னும் படகோட்டி அதேபோன்ற படகொன்றைச் செய்து தம் மனைவியுடன் அவ்வாற்றில் சென்று பார்த்தார். 2001இல் அதைப்பற்றி நூலும் எழுதினார். நாட்குறிப்பு நிற்கும் இடத்தை அடுத்து, நீருக்குள் கூரிய பாறைகள் மறைந்திருக்கும் கொடிய பாய்ச்சல் ஒன்று உண்டு. அங்கே இருவரும் நீரில் எறியப்பட்டு மூழ்கியிருக்கலாம் என்பதே அவர் கண்ட முடிவு. இதில் வியப்பூட்டும் திருப்பம் இல்லை. ஆகவே கேட்போர் குறைவு.

அவ்வாறெனில் ஐயமே கூடாதா என்று வாசகர் வினவலாம். வினவவும் வேண்டும். ஏனெனில் கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்டு, விபத்தென்று எழுதி மூடப்பட்ட பெண்களின் சாவுகள் உலகெங்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பிக் மூஸ் ஏரியில் 1906 ஜூலையில் கிரேஸ் பிரவுன் என்ற தொழிலாளிப் பெண் மூழ்கி இறந்தார். படகில் உடன் சென்றவர் செஸ்டர் ஜில்லெட். கவிழ்ந்த படகைக் கண்டோர் விபத்தென்று இரங்கியதோடு நின்றிருந்தால் உண்மை ஏரியின் அடியிலேயே கிடந்திருக்கும். ஆனால் ஐயுற்றனர். விடுதியில் அவர் பொய்ப்பெயர் எழுதியிருந்தது தெரியவந்தது. இறந்த பெண்ணின் தலையில் காயம் இருந்தது. கருவுற்றிருந்த அவர் எழுதிய மடல்கள் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டன. அவர் தம் தரப்பைச் சொல்லவும் இடமளிக்கப்பட்டது. அதன் பின்னரே தீர்ப்பு வந்தது. 1908இல் அது நிறைவேறியது. மரண தண்டனை சரியா என்பது வேறு கேள்வி. அங்கே ஐயம் செய்த பணி நேரியது.

ஆகவே ஐயம் இருவகைப்படும். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் இவ்வேறுபாட்டை நுட்பமாகக் காட்டுகிறார். தீமைக்கு மருந்து தேடும்போது, மோசமானதே நடந்திருக்கலாம் என்று முன்வைத்துச் செயல்படுவது தகும். ஆனால் ஒருவர் தீயவர் என்று முடிவுகட்டுவது வேறு; அதற்குத் தெளிவான சான்று வேண்டும்; ஐயம் நிலவும்வரை நல்ல பொருளே கொள்ளத்தக்கது. அப்படிச் செய்தால் அடிக்கடி ஏமாறுவோமே என்ற மறுப்பையும் அவர் எதிர்கொள்கிறார். தீயவரை நல்லவரென எண்ணிப் பலமுறை தவறுவது, நல்லவரைத் தீயவரென எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேலானது. பின்னதில் ஒருவருக்கு அநீதி நேர்கிறது என்பது அவர் விடை.

தேடுபவரின் ஐயம் ஆற்றங்கரைக்குச் செல்கிறது, கேள்வி கேட்கிறது, தான் பொய்யாகவும் இடம் வைக்கிறது. பேசுபவரின் ஐயம் இருந்த இடத்திலேயே இருந்து தீர்ப்பை எழுதிவிட்டுச் சான்றைப் பின்னர் தேடுகிறது. எலும்புக்கூடு கிளெனுடையதன்று எனத் தெரிந்தபோது அதைக் கைவிட்டு அடுத்த கதைக்குப் போனார்களேயன்றி, கோல்பின் பெயரைக் கழுவித் தர எத்தனை பேர் முன்வந்தனர்?

இணைச்சட்ட நூலின் 21ஆம் அதிகாரம் கொன்றவர் யாரெனத் தெரியாத சாவைப் பற்றிப் பேசுகிறது. வெளியில் கொலையுண்டு கிடப்பவரைக் கண்டால், மூப்பர்கள் வந்து சுற்றிலுமுள்ள ஊர்களின் தொலைவை அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் நீரோடும் பள்ளத்தாக்கிற்கு இறங்கிச் சென்று, இளம்பசுவொன்றைப் பலியாக்கி, கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைத் தாங்கள் சிந்தவுமில்லை, சிந்தியதைக் காணவுமில்லை என்று அறிக்கையிட வேண்டும். இச்சடங்கு யாரையும் குற்றவாளியாகப் பிடித்துத் தரவில்லை. அதே வேளையில் அச்சாவு யாருக்கும் தொடர்பற்றது என்று கடந்து போகவும் விடவில்லை. ஊரே வந்து அளக்கிறது, நிற்கிறது, காணாததைக் காணவில்லை என்று கூறுகிறது.

இன்றும் படகில் சென்ற பெண் திரும்பவில்லை என்ற செய்தி எங்கிருந்தேனும் வரும். உடன் சென்றவர் முகம் சரியில்லை என்று ஒருவர் சொல்வார். அவள் ஒழுக்கம் சரியில்லை என்று இன்னொருவர் சொல்வார். அப்போது விசாரணை முறையாக நடக்க வேண்டும் என்று குரல் எழுப்புவது நம் கடன். அறிந்ததைச் சாட்சியாகச் சொல்வதும் கடன். அறியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும், எழுந்து வந்து மறுத்துப் பேச இயலாத அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனே.