வளவுத் தூணும் தரைப் பூவும்

பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுபவர்களில் சிலருக்கு ஓர் ஆணி குறைந்தாலும் உறக்கம் வராது. ஆனால் 1:72 அளவு மாடலில் தகடுகள் சேருமிடமாகக் கீறிய 0.2 மில்லிமீட்டர் கோடு, நிஜ விமானத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு! அப்படிப் பறந்தால் யார் ஏறுவார்? இருந்தும் அந்தப் பொய்க்கோடு இல்லாத மாடல் மொழுக்கென்று கிடக்கும்.

அளவில் பிசகினாலும் அழகாவது தரையிலும் உண்டு. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்ய, கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சு பிசகாது, கை கொஞ்சம் பிசகும். ஒரு கல்லைப்போல் மறுகல் இராது.

அந்த எட்டு அங்குலக் கல் 1:72இல் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. செட்டிநாட்டு வீட்டை மாடலாகக் கட்டினால் வளவு என்னும் நடுமுற்றத்தின் தூண்களை அளந்து நிறுத்துங்கள். தரைப் பூவை மனம்போலத் தீட்டுங்கள். பூதக்கண்ணாடியோடு வரும் மாமாவைக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.